வாரேன் என்றொரு பொய்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துப் பத்திரிகைக்குக் கடிதம் போடும் சிரமம் மிச்சம்.

கண்ணாடிக்கு எந்தப் பக்கம் விளக்குப் போட வேண்டும் என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க ஆராய்ச்சி செய்தவன் நான்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, குறுக்கே சுவர் வைத்து இரண்டு அறையாக்கியிருந்தேன். ஒன்றில் பாய், பொம்மைகள், ஒரு நாற்காலி. அம்மாவும் குழந்தையும் அங்கே இருப்பார்கள். அடுத்த அறையில் நான். நடுச்சுவரில் ஒரு கண்ணாடி. அவர்கள் பக்கத்தில் அது முகம் பார்க்கும் கண்ணாடி, என் பக்கத்தில் ஜன்னல். கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு அம்மா வெளியே போவாள். குழந்தை என்ன செய்கிறது, அம்மா திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா என்று நான் ஒளிந்திருந்து பார்த்து எழுத வேண்டும். பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே உள்ள பிடிப்பை அளக்க வெளிநாட்டில் கண்டுபிடித்த முறை இது. அந்தப் பிடிப்புதான் என் தொழில். இத்தனை வருஷமும் நான் சாப்பிட்டது ஊரார் பிள்ளைகளின் அழுகையை வைத்துத்தான்.

அந்த மாதிரிக் கண்ணாடிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒளிந்திருப்பவன் இருட்டில் இருக்க வேண்டும். எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டுமே என்று நான் தலைக்கு மேலே டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா வெளியே போனதும் குழந்தைகள் அழவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தபடி நின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. இரும்பு ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு நெஞ்சும் இரும்பு போலிருக்கிறது என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டேன்.

ஒருநாள் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று நேராகக் கண்ணாடிக்கு வந்து விரலால் தட்டி, “மாமா, எனக்கு ஒண்ணு” என்றது.

என் கையில் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது.

அந்தக் குழந்தை கோகிலா. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர். அம்மா ஈஸ்வரி அன்றைக்குச் சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. விசாரித்ததில், வந்துபோன எல்லா அம்மாக்களுக்கும் நான் தெரிந்திருக்கிறேன். ஒருத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“சாப்பிடறவங்ககிட்டப் போயி எப்பிடிங்க சொல்றது” என்றாள் ஈஸ்வரி.

கொங்கு நாட்டு மரியாதை ஒரு விஞ்ஞானத்தையே கவிழ்த்துவிட்டது. அதை மட்டுமா கவிழ்த்தது?

நாக்கு எழாத சொல்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு நண்பர், உங்கள் கதையில் எல்லாமே சிரிப்பாக இருக்கிறதே, நிஜமாகவே படித்த டாக்டர்தானா என்று கேட்டார். டாக்டர்தான், ஊசி போடாத டாக்டர். பலகையில் டாக்டர் என்று பார்த்துவிட்டு இருமலோடு மாடி ஏறியவர்களை எல்லாம் நான் பேசியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பேச்சு எனக்கு வரும். அதுதான் வினை.

கண்ணாடி விஷயத்தைச் சரி செய்த பிறகு வேறொரு சிக்கல் வந்தது. வெளியே போகும்போது அம்மா குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது முறை. நான் அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்: “அம்மா போறேன். அப்புறம் வருவேன்.”

ஒரு அம்மாவும் அதைச் சொல்லவில்லை. வாசற்படி வரைக்கும் போவார்கள், என் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள், பிறகு “சாமி, அம்மா வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் எழுதிக் கொடுத்தபடி சொல்லவில்லை என்று கேட்டால், “அந்தச் சொல்லுக்கு நாக்கு எந்திரிக்க மாட்டேங்குதுங்க” என்றார்கள். ஒருத்தி மூன்று முறை துப்பிவிட்டு, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது என்று என்னைக் கோபித்தாள்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் வாரேன் என்று சொல்லித்தான் போகிறோம். எழவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம்.

எனக்கு அப்போது வயது குறைவு, படிப்பு அதிகம். நான் பார்த்தது இதுதான்: ‘வாரேன்’ என்ற சொல் காதில் விழுந்ததும், அம்மா நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே, குழந்தைகள் உதட்டைப் பிதுக்கத் தொடங்கின. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘வாரேன்’ என்றால் போவது என்று பால்குடி மறப்பதற்குள் தெரிந்துவிடுகிறது. உடனே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். ஒரு பிள்ளை முதன்முதலில் கேட்கும் பொய் ‘வாரேன்’. அதைப் பெற்றவர்களே சொல்கிறார்கள். சொல்லை நம்பக் கூடாது என்று பிள்ளை கற்றுக்கொள்வது அங்கேதான்.

இதைக் கூட்டங்களில் பேசினேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் எல்லோரும் போகும்போது என்னிடம் வந்து “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார். “எங்க குஞ்சுக அத்தனையும் கரண்டுல பொரிக்குதுங்க. தாய் மூஞ்சியே பாத்ததில்ல. நல்லாத்தானுங்க இருக்குது?” நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மறுவாரம் ஒரு அட்டை முட்டை அனுப்பி வைத்தார். என்னை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

ரிக்கு வண்டிக்காரர்

கோகிலாவின் அப்பா செங்கோடன். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக்கு வண்டியில் டிரில்லர். எங்கள் பக்கத்து வண்டிகள் மழை விட்டதும் வடக்கே கிளம்பும். மொழி தெரியாத ஊர்களில் மாதக் கணக்கில் பூமியைத் துளைத்துவிட்டு, அடுத்த மழைக்கு வேலை நிற்கும்போதுதான் திரும்பும். அவர் பேசுவதே சத்தம். கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று நின்று காது மந்தம். புருவ மயிரில் எப்போதும் கல்தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தவர், மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மகள் தன்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள் என்றார். போன மழைக்கு வந்தபோது, இந்த மாமா எப்போ போவாங்க என்று அம்மாவிடம் கேட்டாளாம். சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். படியில் போன பூனை ஓடிவிட்டது.

எப்படிக் கிளம்புவீர்கள் என்று கேட்டேன். கோழி கூப்பிடுவதற்கு முன்னால், குழந்தை தூங்கும்போது என்றார். அழுகையைக் கேட்டுவிட்டு வண்டி ஏறினால் சகுனம் ஆகாது.

நான் பிடித்துக்கொண்டேன். தூங்கும் பிள்ளையிடம் சொல்லாமல் போவது திருட்டு. விழித்திருக்கும் பிள்ளையிடம் வாரேன் என்று சொல்வது பொய். குழந்தையின் கண்ணைப் பார்த்துப் போறேன் என்று சொல்லுங்கள். அழட்டும், பரவாயில்லை. உண்மை தெரிந்த அழுகை உடம்புக்கு நல்லது. இன்னும் என்னென்னவோ சொன்னேன். பஜ்ஜி விஷயத்தில் போன மானத்தை அங்கே மீட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “குழந்தைகிட்ட அப்பிடிச் சொல்லலாமுங்களா?”

“சொல்ல வேண்டும்.”

“பொய் சொல்லப்படாதுங்களா?”

“கூடவே கூடாது.”

அவர் படியில் விரலால் கோடு போடத் தொடங்கினார். என் விஞ்ஞானத்தைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

மழை விட்டதும் வண்டி கிளம்பிய அன்று என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். வெயில் ஏறியிருந்தது. ரிக்கு வண்டிக்குப் பின்னால் குழாய்கள் ஏற்றிய லாரி நின்றது. புது டீசல் வாசனை, எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை. ஈஸ்வரி வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள். செங்கோடன் மகளைத் தூக்கிக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறினார். ஆராய்ச்சியாளன் என்ற முறையில் நானும் இன்னொரு பக்கம் தொற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

“அம்மணி, அப்பன் போறேன்” என்றார்.

குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. அழவில்லை. எங்கே என்று கேட்டது. வடக்கே என்றார். தலையை ஆட்டிவிட்டு, ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டது. அவர் அதன் கையைப் பிடித்து அமுக்க, ஹாரன் நீளமாக அடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்தக் காட்சியை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன். ‘ஒரு ரிக்கு வண்டிக்காரரின் நேர்மை.’ உண்மை சொன்னால் பிள்ளை அழாது என்பதற்கு அதுதான் என் உதாரணம். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் அந்த இடத்தில் கொஞ்சம் குரலை இறக்குவேன்.

மழைக்கு வந்துருவாரு

அடுத்த மழைக்கு மற்ற வண்டிகள் வந்தன. செங்கோடன் வரவில்லை.

கூடப் போனவர்கள் ஈஸ்வரியைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினார்கள். அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊருக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. ஈஸ்வரி அதை நம்பவில்லை. சொல்லிக்கொண்டு போன மனுஷன் வராமல் இருப்பாரா என்றாள். அவளிடம் அவர் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வருஷா வருஷம் வானம் கறுத்தால், இந்த மழைக்கு வந்துருவாரு என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் ஆறுதல் சொன்னார்கள், பிறகு சும்மா இருந்தார்கள், பிறகு மழை வந்தால் அவள் வீட்டுப் பக்கம் போவதையே விட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஈஸ்வரி மகளை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டு நெசவுக்குப் போனாள். அந்த விடுதிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை சேலம் – நாமக்கல் பஸ்ஸில் ஏறினால் தெரியும். காலி டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பஸ் முழுக்கக் கோழிக் குழம்பு வாசனை. யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில் முகத்தை வைத்து வாரேன் சாமி, வாரேன் சாமி என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். ராசிபுரம் வரும்போது யாராவது ஒருத்தி மூக்கை உறிஞ்சுவாள். அதோடு பஸ்ஸே உறிஞ்சும்.

அந்த பஸ்ஸில் என் தத்துவத்தை யாரிடமும் நான் சொன்னதில்லை. தைரியம் வரவில்லை. அடி விழும் என்ற பயமும் உண்டு.

ஈஸ்வரி ஒரு ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நல்ல மழை அன்றைக்கு. வாசலில் போட்ட பந்தலில் தண்ணீர் கட்டி நின்றது. நான் போயிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

என்னால் பயனடைந்த ஒரே ஆள்

சென்ற தைமாதம், மாடிக்கு ஒருவர் ஏறி வந்தார். நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் வந்து, வழக்கம்போல் இருமல்காரர் ஒருத்தர் சார், அனுப்பிவிடட்டுமா என்றாள்.

புருவம் நிஜமாகவே வெளுத்திருந்தது. மற்றபடி அதே செங்கோடன். கல்தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். வடக்கே இருந்தவர்கள் வண்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவரிடமே சொல்லிவிட்டார்களாம். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து என்னிடம் வந்திருக்கிறார்.

நான் திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அன்னிக்கு நீங்க சொன்னதுலதானுங்க எனக்குத் தெம்பு வந்துச்சு. திரும்ப மாட்டேன்னு தெரிஞ்சுதான் கெளம்புனேன். அவகிட்டச் சொல்ல வாய் வரல. புள்ளைகிட்டயாச்சும் பொய் சொல்லாமப் போனேன்.”

முப்பது வருஷத்துக்கு மேல் பேசியதில், நான் சொன்ன அறிவுரையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய ஒரே மனிதர் இவர்தான். நன்றி சொல்லவும் வந்திருக்கிறார். எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. குடித்தேன். அவருக்கும் கொடுத்தேன்.

ஒருமுறை மகளைப் பார்க்க வேண்டும் என்றார். நேரே போக முகமில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள், உங்களுக்குத் தெரியாத பிள்ளை மனசா என்றார்.

இந்த இடத்திலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சு எனக்கு வரும் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

கோகிலா ஸ்டிக்கர்ஸ்

நாமக்கல்லில் லாரி பட்டறைகள் இருக்கும் சாலையில் அவள் கடை. புதிதாக பாடி கட்டிய லாரிகளுக்கு நெற்றியில் பெயர் ஒட்டும் கடை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், லாரி நெற்றியில் பெரும்பாலும் டிரைவருடைய பிள்ளைகளின் பெயர்தான் இருக்கும். மாதக் கணக்கில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் பிள்ளையின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெயர்களை வெட்டிக் கொடுக்கிறவள் கோகிலா. இதில் ஏதாவது உளவியல் இருக்கிறதா என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

உள்ளே ஸ்டிக்கர் பசையின் வாசனை. மெஷின் ர்ரென்று எழுத்து வெட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பஜ்ஜி மாமாதானுங்க?” என்றாள்.

இருவரும் சிரித்தோம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீ வந்தது. எதற்கு வந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு அந்த டீ முழுக்கத் தேவைப்பட்டது. அப்பா என்னைத் தேடி வந்திருக்கிறார், உடம்புக்கு முடியவில்லை, நாள் அதிகம் இல்லை, ஒருமுறை பார்க்கக் கேட்கிறார் என்றேன். பார்த்துவிட்டால் உன் மனதுக்கும் பாரம் இறங்கும் என்று, என் தொழிலில் உள்ளதையும் சேர்த்துக்கொண்டேன். அவள் ஊசிமுனையால் எழுத்துகளைச் சுற்றியிருந்த வேண்டாத பகுதியை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தர்ஷினி என்ற பெயர் மஞ்சளில் வெளியே வந்துகொண்டிருந்தது.

“இத்தன வருசங்கழிச்சு வந்தவரு உங்க மாடிக்கு எதுக்குங்க வந்தாரு? எங்க ஊடு எடம் மாறலீங்களே” என்றாள்.

அவருக்கு முகமில்லை என்றேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். குரல் ஏறவில்லை. “அன்னிக்கு வண்டியில அவரு போறேன்னு சொன்னாருங்க. நீங்களுந்தான் நின்னீங்க. நான் எறங்கி ஓடிப்போயி அம்மாகிட்ட, அப்பா வாரேன்னு சொல்லல, போறேன்னு சொல்லுச்சுன்னேன். அம்மா வாயிமேலயே போட்டுச்சு. அந்த மாதிரி சொல்லப்படாதுன்னு. அப்பறம் நான் சொல்லவே இல்லீங்க.”

மெஷின் வெட்டி முடித்து நின்றது.

“வருசா வருசம் மழைக்கு வந்துருவாருன்னு அம்மா சொல்லும். எனக்குத் தெரியுமுங்க, வர மாட்டாருன்னு. நானும் ஆமாம்மா, வந்துருவாருன்னு சொல்லுவேன்.”

நாலு வயதில் ஹாரன் அடித்த குழந்தை அழாததற்கு நான் மேடைகளில் கொடுத்த விளக்கமெல்லாம் அந்தக் கடையில், என் காலடியில், உரித்துப்போட்ட மஞ்சள் துண்டுகளோடு கிடந்தது. உண்மை சொன்னால் பிள்ளை அழாது. ஆமாம், அழாது. அந்த உண்மையை உள்ளே வைத்துக்கொண்டு, அம்மா சாகும்வரை அவளிடம் பொய் சொல்லும்.

இன்னொரு முறை கேட்டேன். எனக்காக இல்லை, படுத்துக் கிடக்கிறார், என்ன சொல்லட்டும் அவரிடம் என்றேன். அவள் தர்ஷினியின் மீது ஒட்டுத்தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். வெளியே ஒரு டிரைவர் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். ராசிபுரம் வழியாகப் போகும் பஸ் வரும் நேரம். அந்த வழி முழுக்க, செங்கோடனிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேட வேண்டும். வாசலில் செருப்பை மாட்டினேன். இத்தனை வயதில் நாக்குக்கு வேறு என்ன வரும்?

“அப்போ நான் வாரேன், அம்மணி” என்றேன்.

“போறேன்னே சொல்லுங்க.”